வௌவால் குகையில் பத்து நிமிஷம்

போன வாரம் ருவான்வெல்லையில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்கார அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க பேப்பர்ல எழுதுற டீச்சர்தானே?"

தலையாட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டார்.

"உங்க பத்தியப் படிச்சிட்டுத்தான் டீச்சர் நாங்க குருவிட்ட பக்கம் அந்த வௌவால் குகையப் பாக்கப் போனோம். வாசல்ல நம்ம பொண்ணு ஒருத்தி, பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு, என்னா அழகா வெளக்கம் சொன்னா தெரியுமா! போன மாசம் மறுபடி போனா, குட்டி போடுற காலம், மூடியிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது சரி. ஆனா அந்தப் பொண்ணக் காணோமே? வேற யாரோ நிக்கிறாங்க. வேலைய விட்டுட்டாளா?"

நான் ரசத்தைக் கலக்கினேன்.

"நம்ம ஆளுகளுக்கு ஒரு வேலையில நெலைச்சு நிக்கத் தெரியாது டீச்சர். அதான் நாம முன்னுக்கு வர மாட்டேங்கிறோம்."

"ஆமாங்க" என்றேன்.

ஆமாங்க! வாய் கூசாமல் சொன்னேன். பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அந்தப் பெண் ஏன் வேலையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னால்தான் இல்லை.

வாராவாரம் இந்த மூலையைப் படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். மிச்சக் காசு தராத கண்டக்டரைத் திட்டுவேன். பாராசிட்டமோலைத் தவிர வேறு மருந்தே தெரியாத டிஸ்பென்சரியைத் திட்டுவேன். தேர்தலுக்குத் தேர்தல் லயத்துக்கு வந்து குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறவர்களை விடவே மாட்டேன். இந்த வாரம் வேறு ஆள் தேட வேண்டிய வேலை இல்லை... நானே இருக்கிறேன்.

முதலில் குகையைப் பற்றி. ஒரு ரப்பர் தோட்டத்தின் எல்லையில், ஓடைக்கு மேலே இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் அதை 'வௌவா பொடவு' என்பார்கள். முன்பெல்லாம் சாக்கை எடுத்துக்கொண்டு போய் எரு அள்ளி வந்து கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுவார்கள். அதைத் தவிர யாருக்கும் அங்கே வேலை கிடையாது. பிறகு யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான். பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் வேன் வேனாகக் கூட்டம். உள்ளே போய் விசில் அடிப்பது, கல் எறிவது, வௌவால் மொத்தமாகப் பறந்தால்தான் வீடியோ நன்றாக வரும் என்று பட்டாசு கொளுத்துவது. பாதி வௌவால் போய்விட்டது.

அப்போதுதான் ஊரில் ஒரு பாதுகாப்புக் குழு போட்டார்கள். தலைவர் ஓய்வுபெற்ற சிங்களப் பள்ளிக்கூட அதிபர் ஒருவர். வௌவாலை ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு பெண் பிள்ளையும் இருந்தாள். தோட்டத்தில் அவளுக்கு 'வௌவால் மிஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. தமிழ் ஆள் ஒருவர் வேண்டுமே... என்னைப் போட்டார்கள்.

நாங்கள் சும்மா கூடித் தேநீர் குடித்துக் கலைகிற குழு இல்லை. வேலை செய்தோம். குகை வாயில் இரும்புக் கேட் போட்டோம். வெல்டிங்காரர் வீட்டுக் கேட் மாதிரி கம்பிகளை நெட்டுக்கு வைத்து அழகாகச் செய்து வந்தார். வௌவால் மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். நெட்டுக் கம்பிக்குள் வௌவால் எப்படிச் சிறகை விரித்துப் போகும்? எல்லாவற்றையும் அறுத்து, கம்பிகளைப் படுக்கையாக வைத்து, நடுவில் இடைவெளி விட்டு மறுபடி ஒட்ட வைத்தாள். வௌவால் போகும், மனுஷன் போக முடியாது. அதுதான் கேட்.

சட்டமும் போட்டோம். ஒரு தடவைக்கு எட்டுப் பேர். அரை மணி நேரம். போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். சிவப்பு வெளிச்சம் மட்டும். வாயைத் திறக்கக் கூடாது. குட்டி போடுகிற மாதங்களில் யாருக்கும் — யாருக்கும் — அனுமதி இல்லை. ஏனென்றால் அப்போது குட்டிகள் ரோமம்கூட முளைக்காமல் கூரையில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தாய்கள் பயந்து பறந்தால் குட்டிகள் கீழே விழும். விழுந்தது விழுந்ததுதான்.

அந்த 'யாருக்கும்' என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொன்னது யார் தெரியுமா? நான். இதே இடத்தில் அதைப் பற்றிப் பெருமையாக எழுதவும் எழுதினேன். பாராட்டிக் கடிதமெல்லாம் போட்டீர்கள்.

கேட்டுக்குக் காவல் வேண்டுமே? தவமணியின் பெயரைச் சொன்னேன். அதே தோட்டத்தின் கீழ்ப்பக்கம், பணிய டிவிசன் பெண். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவள். இப்போது நாற்பது வயது, பால்வெட்டுக்காரி. மழை பெய்தால் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. எங்கள் பக்கம் மழை பெய்யாத நாளைத்தான் தேட வேண்டும். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அவளுக்கு இந்தக் கேட் வேலை, வாழ்க்கையில் முதல் தடவையாக, மழையை நம்பி இல்லாத வேலை.

என்னமாய்ச் செய்தாள்! வெசாக் விளக்குக் கூட்டுக்கு ஒட்டுகிற சிவப்புக் கண்ணாடித் தாளை வாங்கி வந்து டார்ச்சுக்கெல்லாம் அவளே கட்டினாள். அறிவிப்புப் பலகை எழுத வந்தவரின் பக்கத்திலேயே நின்று, தமிழை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். வருகிறவர்களுக்குச் சிங்களத்தில் சொல்வாள், தமிழில் சொல்வாள், வெள்ளைக்காரர் வந்தால் கையாலேயே சொல்லி முடித்துவிடுவாள்.

ஒரு நாள் பெரிய இடத்து ஜீப் ஒன்று வந்தது. மூடியிருந்த மாதம். இறங்கியவர் தான் யார் தெரியுமா என்று கேட்டார். தவமணி அசையவில்லை. "பெட்டவ் இன்னவா, மாத்தயா" என்றாள். குட்டிகள் இருக்கு, ஐயா. அவர் கத்தினார். இவள் அதையே இன்னும் மெதுவான குரலில் திரும்பச் சொன்னாள். ஜீப் திரும்பிப் போனது. அடுத்த கூட்டத்தில் தலைவர் இதைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். என் மாணவி அல்லவா?

இனித்தான் என் கதை.

என் மகளுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. சம்பந்தி யாழ்ப்பாணத்துக்காரர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான். ஆனால் "தோட்டப் பக்கம்" என்று சொல்லும்போது குரலை ஒரு மாதிரி மெதுவாக்கிச் சொல்வார், நோயாளியின் வீட்டில் பேசுவது போல. என் அப்பாவும் பால் வெட்டியவர்தான். சம்பந்தி வீட்டில் நான் அதை முழுசாகச் சொல்லவில்லை. 'அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். அவர்கள் கணக்கப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள் போல. நான் திருத்தவில்லை.

அவர்கள் குடும்பமாக இரத்தினபுரிக்கு வந்தார்கள். சம்பந்தி, அவர் மனைவி, மூத்த மகள், அவள் கணவர், இரண்டு பிள்ளைகள். மாணிக்கக் கடை பார்த்தாயிற்று. கோயில் பார்த்தாயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தி கேட்டார்.

"ரீச்சர், நீங்கள் எழுதின அந்த வௌவால் குகை இஞ்ச கிட்டத்தானே? பிள்ளையளுக்குக் காட்டலாமே?"

"இப்போ மூடியிருக்குங்க. குட்டி போடுற காலம்."

"ஓ... அப்ப ஏலாதோ?" கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "அங்க வாசல்ல நிக்கிறது உங்கட ஆள் எண்டுதானே எழுதியிருந்தீங்கள்? நீங்கள் கமிற்றி மெம்பர் வேற. சும்மா ஒரு பத்து நிமிசம்."

அவர் வற்புறுத்தவில்லை. அதுதான் உண்மை. இல்லை என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் பேசாமல் மோர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஆனால் எனக்கு உள்ளே என்னவோ செய்தது. இந்த ஊரில் என் சொல் நடக்கும் என்று அவருக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்தாலும் நானும் ஓர் ஆள்தான் என்று... வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் நாலு மணிக்குப் போனோம். தவமணி கேட்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"வாங்க டீச்சர்! வாங்கய்யா, வாங்கம்மா."

"தவமணி, இவங்க நம்ம சம்பந்தி வீட்டு ஆளுங்க. யாழ்ப்பாணத்துல இருந்து வந்திருக்காங்க. ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டு வந்துடுவாங்க."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"டீச்சர்... குட்டி இருக்குங்க."

"தெரியும்மா. நான்தானே அந்தச் சட்டம் போட்டேன்? சத்தம் போட மாட்டாங்க."

"வேற யாரு கேட்டாலும் மாட்டேன்னு சொல்லிருவேங்க டீச்சர். நீங்க கேட்டா நான் என்னா சொல்றது?"

இந்தக் கேள்விக்கு நல்ல டீச்சராக இருந்தால் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? 'மாட்டேன் என்று சொல்' என்றுதானே? நான் சொன்னது: "நம்ம ஆளு நீ இருக்கேன்னுதானே உன்கிட்ட வந்தேன்."

சாவியை எடுத்தாள். சிவப்புத் தாள் கட்டிய டார்ச்சுகளைக் கொடுத்தாள். போன்களைக் கேட்டாள். சம்பந்தியின் மருமகன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான், "பரவாயில்ல, விடு தவமணி" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

உள்ளே கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. சின்னப் பிள்ளை எருவில் கால் வழுக்கி ஊரே கேட்கக் கத்தியது. மூத்தது அதைப் பார்த்துக் கத்தியது. மருமகன் பிள்ளையைத் தேடப் போனில் வெள்ளை லைட்டைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் கூரை முழுவதும் ரோஸ் நிறமாக, உயிரோடு நெளிவது தெரிந்தது. அடுத்த நிமிஷம் தாய்கள் எல்லாம் கிளம்பிவிட்டன.

"லைட்ட அணைங்கய்யா! அணைங்க! அணைங்க!" தவமணியால் குரலை உயர்த்தாமல் கத்த முடியும் என்பதை அன்றுதான் கேட்டேன்.

காற்று முழுவதும் சிறகு. நான் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தோளில் ஏதோ மெத்தென்று விழுந்தது. அருவருப்பாக இருந்தது. தட்டிவிட்டேன்.

வெளியே வந்ததும் பிள்ளைகள் அழுகையை மறந்து சிரித்தன. சம்பந்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ரீச்சருக்கு இஞ்ச நல்ல செல்வாக்குத்தான்" என்றார். இரத்தினபுரி வந்து சேரும்வரை அந்த வார்த்தை எனக்கு இனித்தது. தவமணியிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் குழுவை அவசரமாகக் கூட்டினார்கள். வௌவால் மிஸ் வந்து உட்காரவில்லை. பையில் இருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து மேசை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். டப்பா நிறையக் குட்டிகள். ஒவ்வொன்றும் என் பெருவிரல் அளவுகூட இல்லை. கண் திறக்காதவை. "இது நான் பொறுக்க முடிந்தவை மட்டும்" என்று சிங்களத்தில் சொன்னாள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். தோளில் விழுந்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தவமணி கதவோரம் நின்றாள். பச்சைச் சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

தலைவர் கேட்டின் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். கேட்டைத் திறந்தால் எழுத வேண்டும் என்பது விதி. அவள் எழுதியிருந்தாள். தேதி சரியாக. நாலு மணி சரியாக. ஏழு பேர் சரியாக. 'யார் அனுமதித்தது' என்ற இடம் மட்டும் காலி.

"யார் இந்த ஏழு பேர்? யார் திறக்கச் சொன்னது?"

"நான்தான் திறந்தேன் சேர்" என்றாள் சிங்களத்தில்.

"அது தெரியும். யார் சொல்லித் திறந்தாய்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். என் முன்னால் தேநீரும் இரண்டு கிரீம் பிஸ்கட்டும் இருந்தன. நான் பிஸ்கட்டைப் பார்த்தேன். கூட்டம் முடியட்டும், தலைவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாம் எல்லாவற்றையும் தனியாகத்தானே சொல்லிக்கொள்கிறோம்? பிழை செய்வது நாலு பேர் பார்க்க, ஒத்துக்கொள்வது மட்டும் தனியாக.

கடைவீதி முதலாளி ஒருவர் குழுவில் இருக்கிறார். அவர் சொன்னார்: "இதுக்குத்தான் தோட்டத்து ஆளை வேண்டாம் என்றேன். அவர்களுடைய ஆள் வந்தால் திறந்துவிடுவார்கள்."

அப்போதாவது எழுந்தேனா? எழுந்தேன். எழுந்து என்ன சொன்னேன் தெரியுமா? "பாவம், அவளை இந்த ஒரு தடவை மன்னித்துவிடலாம்" என்றேன்.

மன்னிக்கச் சொன்னேன்! நான், அவளை!

"டீச்சருக்கு நல்ல மனசு" என்றார் தலைவர். ஆனாலும் விதி விதிதான் என்றார். தவமணி அங்கேயே பேட்ஜைக் கழற்றி, சாவியோடு சேர்த்து, டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

தலைவரிடம் தனியாகச் சொன்னேனா என்று கேட்கிறீர்கள்... இல்லை. அன்று அவருக்கு அவசரம். அடுத்த வாரம் எனக்குச் சளி. அதற்கடுத்த வாரம் பேச்சே அடங்கிவிட்டது.

பெரிய இடத்து ஜீப்பைத் திருப்பி அனுப்பியவளின் வேலையை ஜீப்காரரால் பறிக்க முடியவில்லை. நம்ம ஆளான நான்தான் பறித்தேன். நாம் இந்தப் பக்கம் கொஞ்சம் பேர். கந்தோரில், வங்கியில், ஆஸ்பத்திரியில் நம்ம ஆள் ஒருவர் உட்கார்ந்தால் எவ்வளவு சந்தோஷப்படுகிறோம்! அடுத்த நாள் காலையிலேயே போய் வரிசையைத் தாண்டி அவர் முன்னால் நிற்கிறோம். செய்யாவிட்டால் 'தலைக்கனம்' என்கிறோம். செய்து மாட்டிக்கொண்டால் 'நிலைச்சு நிக்கத் தெரியாது' என்கிறோம். அவர் எப்படித்தான் அங்கே உட்கார்ந்திருப்பது?

கல்யாணத்தில் இருந்து வந்த மறுநாள் பணிய டிவிசனுக்குப் போனேன். தவமணி ரப்பர் மலையில் இருந்தாள். மரம் மரமாகச் சிரட்டையில் இருந்து பாலை வாளிக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டும் வேலையை நிறுத்தவில்லை. நான் பின்னாலேயே நடந்தேன்.

"எனக்கு ஒரு பெரிய ஆபீசரத் தெரியும் தவமணி. வேற ஒரு நல்ல வேலைக்குச் சொல்லிப் பாக்கிறேன்."

அவள் நின்றாள். "மறுபடியும் சொல்லித்தான் விடப் போறீங்களா டீச்சர்?"

நான் பேச்சை மாற்றி, "என் பேர எழுதாம என்னக் காப்பாத்திட்ட" என்றேன். நன்றி சொல்வதாக நினைப்பு.

வாளியைக் கீழே வைத்தாள்.

"உங்களக் காப்பாத்தவா? இல்லீங்க. ஒங்க பேர நான் எழுதுனா, மாட்டிவிட்டுட்டாம்பாங்க. நீங்களே எந்திரிச்சுச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் எடம் விட்டேன். நீங்க எந்திரிச்சப்போ எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா டீச்சர்? அப்பறம் பாத்தா... மன்னிக்கச் சொன்னீங்க."

மேலே கங்காணி சத்தம் கொடுத்தார். அவள் வாளியை எடுத்துக்கொண்டாள்.

"நான் பேப்பர்ல எழுதிடுறேன் தவமணி. எல்லாத்தையும் எழுதிடுறேன்."

"தமிழ்லதானே எழுதுவீங்க? அந்தக் கமிட்டியில யாரு டீச்சர் அதப் படிக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

அதனால் இதையே சிங்களத்திலும் எழுதினேன். இன்று காலை தலைவர் வீட்டுக்குப் போய், தனியாக இல்லை, வௌவால் மிஸ்ஸையும் கடைவீதி முதலாளியையும் வைத்துக்கொண்டு கையில் கொடுத்தேன். குழுவில் இருந்து விலகல் கடிதமும் கூடவே. தலைவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். என்னை உட்காரச் சொல்லவில்லை. தவமணிக்கு வேலை திரும்பக் கிடைக்குமா? அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார். எனக்குத் தெரியாது.

அந்தப் பதிவுப் புத்தகத்தில் காலியாக விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். அங்கே எழுத வேண்டிய பெயர் இந்தப் பத்தியின் உச்சியில், என் போட்டோவுக்குக் கீழே அச்சாகியிருக்கிறது — எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.